பெரியப்பாவின் மிட்ஜெட்டா, மின்சாரக் காரா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியப்பா கனடாவுக்குப் போகும்போது தன்னுடைய 1967 எம்ஜி மிட்ஜெட்டை, அந்தச் சின்னப் பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை, இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டி முற்றத்தில் படங்கின் கீழே பல மழைக்காலம் நின்றுவிட்டது. இவர் படிப்பிப்பது கிண்ணியாவில், தினமும் போய் வர 50 கிலோமீற்றர் அளவு ஓட்டம். அதைத் திருத்தி ஓடுவதா, விற்றுவிட்டுப் பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று வாங்குவதா, இல்லை எஞ்சினைக் கழற்றி மிட்ஜெட்டையே மின்சாரக் காராக மாற்றுவதா, எது சிறந்தது என்பது கேள்வி. கேள்வியை வாசித்தால் எனக்கு விளங்குவது வேறு: பெரியப்பாவின் காரை விட மனமில்லை, ஆனால் வேலைக்குப் போகவும் ஒரு வண்டி வேண்டும், இரண்டையும் ஒரே வண்டியில் முடிக்க வழி இருக்கிறதா? என் பதில், இல்லை. மிட்ஜெட்டைப் பெற்றோல் காராகவே வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வேறு வண்டி பாருங்கள், அது மின்சாரக் காராக இருந்தால் இந்த ஊருக்கு நல்லாய்ப் பொருந்தும், நிபந்தனைகளோடு.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வேலை படித்து, திருகோணமலையிலேயே நீண்ட காலமாகக் கராஜ் நடத்துகிறேன். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள்தான் எனக்குப் பிடித்தவை, சாப்பாடு போடுவது ஹைபிரிட்டும் லீஃபும். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, ஆகவே அதன் உடல் நிலை பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவாகச் சொல்வதுதான். பெற்றோல் காரை மின்சாரமாக மாற்றும் வேலையை நான் முழுதாகச் செய்ததும் இல்லை. அந்தப் பகுதியில் எடை, இடம், பதிவு ஆகியவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். மற்றவை தினமும் கையால் தொடும் விஷயங்கள்.

முதலில் எஞ்சினை மறந்துவிடுங்கள். உப்புவெளியில் நின்ற ஒரு மிட்ஜெட்டுக்கு எஞ்சின் இரண்டாம் பட்சம், உடல்தான் வண்டி. எம்ஜியின் பழைய ரீ வகைக் கார்களிலும் எம்ஜிஏ-யிலும் தனியான சசி, அதாவது அடிச்சட்டம், இருந்தது, உடல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. மிட்ஜெட்டில் அப்படித் தனிச் சசி இல்லை, தகடுகளை மடித்து ஒட்டிய உடலே பாரத்தைத் தாங்குகிறது. மேலே கூரையும் இல்லாதபடியால் கதவுகளுக்குக் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஓடுகிற பெட்டித் தகடுதான் வண்டியின் முதுகெலும்பு. அதற்குள்ளே தண்ணீர் போனால் வெளியே வர வழி குறைவு. நம்முடைய கடல் கிழக்கே இருக்கிறது, ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் வீசுகிற வாடைக்காற்று அந்தக் கடலிலிருந்தே நேராக வருகிறது, மழையோடு உப்பையும் கொண்டு வருகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மழை விட்ட பிறகும் தகட்டுக்குள்ளே துரு நிற்காமல் வேலை செய்துகொண்டிருக்கும். பிளாஸ்ரிக் படங்கு மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும்தான், ஆனால் நிலத்திலிருந்து எழும் ஈரத்தை அடியிலேயே அடைத்து வைக்கும். இன்றைக்கே அந்தப் படங்கைக் கழற்றுங்கள். மேலே தகரக் கொட்டில், பக்கங்களில் காற்றோட்டம், தூசிக்குப் பருத்தித் துணி, அது போதும்.

இப்போது ஒரு சோதனை. கதவு இரண்டையும் மூடி, கதவின் பின் விளிம்புக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் பார்த்து வையுங்கள். பிறகு வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக் போட்டு மெதுவாகத் தூக்குங்கள், ஆள் அடியில் போக வேண்டாம். சில்லு நிலத்தை விட்டதும் அந்த இடைவெளியை மறுபடி பாருங்கள், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ பெட்டித் தகடு உள்ளே துருப்பிடித்துப் போய்விட்டது. ஜாக் வைத்த இடமே உள்ளே அமுங்கினால் வேறு சோதனை தேவையில்லை. அடுத்ததாக ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழும் சில்லு வளைவுகளிலும் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காத இடம் புட்டி. பின் ஸ்பிரிங்கின் முன் முனை உடலோடு சேரும் இடம், கால் வைக்கும் தரைத் தகட்டின் ஓரங்கள், முன் கதவுத் தூணின் அடி, இவை மூன்றும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், போன தகடு பொத்தென்று கேட்கும்.

தகடு போயிருந்தால் அது முடிவு இல்லை, ஆனால் யார் வெட்டுகிறார் என்பது முக்கியம். நம்முடைய ஊரில் டிங்கர் வேலைக்கு, அதாவது தகட்டு வேலைக்கு, திறமானவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பழகியது பெரும்பாலும் கூரையுள்ள ஜப்பானிய வண்டிகள். கூரையில்லாத காரில் பெட்டித் தகட்டை வெட்டும் முன்பே கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டிங் வைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் மூடாது. இன்னொன்று, பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறும் வழக்கம். துருவைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை, ஆனால் ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் கெடுத்துவிடும். தகட்டுப் பெட்டிகளுக்குள் அடிக்கிற மெழுகுத் திரவம் விற்கிறார்கள், விலை கூட என்றாலும் அதைத்தான் அடிக்க வேண்டும். அடியைக் கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். கடலோரக் கிணறு பலதில் தண்ணீர் உவர், அதால் கழுவினால் உப்பை நாமே பூசுவதாகிவிடும். குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் நல்ல செய்திதான். 1967 மிட்ஜெட்டில் இருப்பது 1275 சிசி ஏ-சீரிஸ், 65 குதிரைவலு. மொறிஸ் மைனரிலும் பழைய மினியிலும் இருக்கிற அதே குடும்பம், இலங்கையில் அந்த எஞ்சினைத் திறந்து பார்க்காத பழைய மெக்கானிக் குறைவு. எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, கொள்ளளவு மாறினால் பிஸ்ரனும் கிராங்கும் மாறும், ஆனால் வேலை முறை ஒன்றுதான். இங்கிலாந்தில் மிட்ஜெட்டுக்கு முழு உடற்கூட்டையே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றால் சின்னப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை என்று விளங்கும். அப்புறம் ஒரு கெஞ்சல்: ஆசையில் பற்றரியைக் கொழுவிச் சாவியைத் திருப்பிவிட வேண்டாம். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊற விட்டு, கையால் சுழற்றிப் பாருங்கள். பழைய பெற்றோலைத் தாங்கியிலிருந்து முழுதாக வடியுங்கள். இரண்டு எஸ்யூ காபரேற்றரின் உள்ளேயும் ஒரு பிஸ்ரன் மேலும் கீழும் போகும், அதை விரலால் தூக்கி விட்டால் தடையில்லாமல் இறங்கி, அடியில் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பாதியில் நின்றால் பிசின் பிடித்திருக்கிறது, கழற்றிக் கழுவினால் போகும். பற்றரியைக் கொழுவும் முன்னும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலதில் பொசிற்றிவ் பக்கம்தான் உடலோடு சேர்ந்திருக்கும். உங்களுடையதும் அப்படி இருக்கலாம், இடையில் யாரும் மாற்றியும் இருக்கலாம். வயரைப் பின்தொடர்ந்து பார்த்து நிச்சயப்படுத்தாமல் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் வால்வு இருக்கையைத் தேயாமல் காத்தது. அதற்குப் பிறகு எஞ்சின் ஹெட்டைத் திறந்து எக்சோஸ்ட் வால்வுக்குக் கடினமான இருக்கை போட்டிருக்கிறார்களா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். போடாவிட்டால் வால்வு மெதுமெதுவாக ஹெட்டுக்குள் அமிழும். வார இறுதி ஓட்டத்துக்கு அது உடனே பெரிய விஷயமில்லை, தினசரி ஓட்டத்துக்கு விஷயம்தான். அதைவிடப் பெரிது பிரேக். அந்த வருடத்து மிட்ஜெட்டில் பிரேக் ஒயில் ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லுக்கும் சேர்த்து பிரேக் போய்விடும், கைபிரேக் மட்டுந்தான் மிஞ்சும். ஆகவே பார்க்க நல்லாய் இருந்தாலும் எல்லா ஹோஸையும், எல்லாச் சிலிண்டர் ரப்பரையும் மாற்றாமல் கேற்றுக்கு வெளியே எடுக்கக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் அதை கிண்ணியாவுக்குத் தினமும் கொண்டு போக வேண்டாம் என்கிறேன். மழைக்காலத்தில் மடக்குக் கூரை ஒழுகும், கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உங்கள் தலை அவர்களுடைய சில்லின் உயரத்தில் இருக்கும், இடித்தால் காப்பாற்ற உள்ளே ஒன்றும் இல்லை. அதே வண்டியை மாசி, பங்குனியில் ஒரு காலைப்பொழுது வெயில் ஏறும் முன் நிலாவெளிப் பக்கம் எடுத்துப் பாருங்கள். 700 கிலோ அளவுதான் எடை, பவர் ஸ்ரியரிங் இல்லை, வீதியில் கிடக்கிற சின்னக் கல்லும் கைக்குத் தெரியும். 60 இல் போகும்போதே வேகம் போதும் போதும் என்றிருக்கும். இந்த உணர்வுக்காகத்தான் நான் ஸ்போர்ட்ஸ் காரை விரும்புகிறேன், வேகத்துக்காக இல்லை. இன்றைய சாதாரண மின்சாரக் கார் எதுவும் சிக்னலில் மிட்ஜெட்டை விட்டுவிட்டுப் போய்விடும். இதே எம்ஜி பெயரில், இப்போது சீனாவின் சாயிக் நிறுவனம் சைபர்ஸ்ரர் என்று இரண்டு இருக்கை மின்சாரத் திறந்த கார் ஒன்றைச் செய்கிறது, எடை 1,850 கிலோவில் தொடங்குகிறது. அழகான கார், பயங்கர வேகம். ஆனால் இரண்டரை மிட்ஜெட் எடையை வளைவில் திருப்பும் வேலையைக் கணினிதான் செய்கிறது, அதனால் எனக்கு அதில் ஆசை வரவில்லை. இது ருசி, இதில் நீங்கள் என்னோடு உடன்பட வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிற காருக்கு ருசி முக்கியமில்லை, அங்கே மின்சாரக் கார் நன்றாகப் பொருந்துகிறது. மேடு பள்ளமில்லாத வீதி, குறைந்த தூரம், இரவில் வீட்டில் சார்ஜ். ஆனால் 2014, 2015 இல் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த லீஃப்களை வாங்கப் போனால் கவனம். அந்த 24 கிலோவாற்-மணி பற்றரிக்குக் குளிரூட்டும் திரவம் கிடையாது, சுற்றியுள்ள காற்றை நம்பித்தான் இருக்கிறது. இரும்புக்கு வாடை எதிரி என்றால் பற்றரிக்குக் கச்சான் காற்று எதிரி. மே மாதத்திலிருந்து அடிக்கிற அந்தச் சுடுகாற்றில், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய லீஃப் ஒன்றை வெயிலில் நிற்பாட்டி வைப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்க மிக விரைவான வழி. ஜப்பானில் அதற்கு 200 கிலோமீற்றர் என்று எழுதினார்கள், அமெரிக்க அரசின் சோதனையில் 2011 மாடலுக்கு 117 கிலோமீற்றர்தான் வந்தது. நம்புவதற்கு அந்த இரண்டாவது கணக்குத்தான் சரி. மீற்றரின் ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்துக்கு 12 கட்டை இருக்கும், முதல் கட்டை போகும்போதே 15 வீதம் போய்விட்டது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் 6 வீதம் அளவு. எட்டுக் கட்டை நின்றால் மூன்றில் இரண்டு பங்குதான் மிச்சம், அதாவது 75 கிலோமீற்றர் அளவு. கடைசி 20 வீதத்தைத் தொடாமல் ஓடினால் 60. உங்களுக்கு 50 வேண்டும். இன்றைக்குச் சரிவரும், இரண்டு கச்சானுக்குப் பிறகு சரிவருமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தக் கட்டைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். கணினியில் மீட்டமைத்தால் கொஞ்சக் காலத்துக்கு முழுக் கட்டையும் காட்டும், அப்படிச் செய்து விற்ற வண்டி கராஜுக்கு வந்திருக்கிறது. வண்டியின் கணினியை வாசிக்கிற ஓபிடி கருவியைச் செருகி கைபேசியில் பார்த்தால் மிச்சக் கொள்ளளவு தெரியும், 96 செல் சோடிகளின் வோல்ற்றேஜும் வரிசையாகத் தெரியும். சார்ஜ் குறைவாக இருக்கும்போது பாருங்கள், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க ஒன்றிரண்டு மட்டும் பள்ளத்தில் கிடந்தால் அந்த மொடியூல்தான் உங்களை வழியில் விடப்போவது. அதைவிட நல்லது நிஜ ஓட்டம். விற்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுச் சார்ஜில் ஏசி போட்டு கிண்ணியா போய்த் திரும்பி வாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஓட விடமாட்டேன் என்றால் வாங்க வேண்டாம்.

கையில் காசு இருந்தால், 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு வருகிற புதிய மின்சாரக் கார்கள் வேறு தரம். சீனாவின் பிவைடி போன்றவற்றில் இருப்பது இரும்பு பொஸ்பேற் பற்றரி, குளிரூட்டும் அமைப்பும் உண்டு, வெப்பத்தை நன்றாகத் தாங்கும். பிவைடி அற்றோ 3 இன் 60 கிலோவாற்-மணி மாடலுக்கு ஐரோப்பியச் சோதனையில் 420 கிலோமீற்றர். அதில் முக்கால்வாசியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன், அப்படி எடுத்தாலும் கொழும்புக்கு ஒரே ஓட்டத்தில் போகலாம். ஒரு வித்தியாசம், லீஃப் பற்றரியை 80 வீதத்தோடு நிறுத்துவது நல்லது, இரும்பு பொஸ்பேற் பற்றரியை இடைக்கிடை 100 வரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் காட்டும் கணக்குப் பிழைத்துவிடும். நம்முடைய ஊரில் இவை பத்து வருடம் நின்று நான் பார்க்கவில்லை, ஆகவே நீண்டகால ஆயுளை என் அனுபவமாகச் சொல்ல மாட்டேன்.

எந்த மின்சாரக் கார் என்றாலும் வாங்கும் முன்பு வீட்டு வயரிங்கைப் பாருங்கள். வீடுகள் பலதுக்கும் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்புத்தான், இரவு சார்ஜுக்கு அது போதும், ஆனால் ஏர்த் கம்பி கடலோர மண்ணில் அரித்துப் போயிருக்கும், ட்ரிப் சுவிச் பல வீடுகளில் பெயருக்குத்தான் இருக்கிறது. இலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம் இங்கே யாரும் சொல்வதில்லை: மின்சாரக் காரில் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார்தான், பிரேக் தட்டு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற இரும்பு கடற்காற்றில் துருப்பிடிக்கும், கலிப்பர் இறுகும். வாரம் ஒருமுறை ஆளில்லாத நேர் வீதியில் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை நன்றாக அழுத்திச் சில தடவை நிறுத்துங்கள். நியூட்ரலில் மோட்டார் உதவாது, தட்டு தேய்ந்து சுத்தமாகும்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டை நினைத்து மின்சாரக் கார் வாங்குகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தினமும் கடந்து போகிற சீனக்குடாவில் அவ்வளவு எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, வரிசையில் நாள்கணக்காய் நின்று, பிறகு கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கியதை யாரும் மறக்கவில்லை. அதே வருடம் பங்குனி முடிவில் 13 மணித்தியாலம் மின்சாரமும் இல்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள். கூரையில் சூரிய மின்சாரம் போட்டால் மாதச் செலவு விழும், உண்மை. ஆனால் வழமையாகப் பூட்டுகிற பற்றரி இல்லாத முறை, வெளியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பகலில் வெயில் எரித்தாலும் கார் சார்ஜ் ஏறாது.

மிச்சம் இருப்பது மாற்றும் யோசனை. வெளிநாட்டில் இதைப் பெரிய நிறுவனங்களே செய்து காட்டியிருக்கின்றன, ஜாகுவார் 2017 இல் மின்சார ஈ-டைப் ஒன்றைக் காட்டியது, அஸ்ரன் மார்ட்டின் 2018 இல் பழைய டிபி6 ஒன்றில் மறுபடி கழற்றக்கூடிய விதமாகப் பூட்டிக் காட்டியது. பழைய வாகனங்களின் உலகச் சம்மேளனமான ஃபிவா 2019 இல், இப்படி மாற்றிய வண்டியைத் தாங்கள் வரலாற்று வாகனமாக ஊக்குவிக்க முடியாது என்று சொன்னது, நானும் அந்தப் பக்கம்தான். காரணம் பழமைப் பற்று மட்டுமில்லை. லீஃப் பற்றரி முழுதாக 300 கிலோ அளவு, மிட்ஜெட்டின் உடலோ ஏற்கெனவே துருவோடு நிற்கக்கூடும். பற்றரியில் பாதியை மட்டும் வைத்தால் தூரம் பாதி, அதையும் எங்கே வைப்பது என்றால் பின்னால், பெற்றோல் தாங்கி இருந்த இடத்தில், எடையின் சமநிலை போய்விடும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எழுதியிருக்கும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரியாக மாற்றாமல் ஓடினால் விபத்து நேரத்தில் காப்புறுதி கைவிடும். எஞ்சினே இல்லாத, இலக்கம் பொருந்தாத ஒரு உடல் கிடைத்து, திறமான ஆள் ஒருவர் எதையும் வெட்டாமல் பூட்டுவதாக இருந்தால் எதிர்க்க மாட்டேன். உங்களுடையது அப்படியில்லை, ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்த, எஞ்சினோடு நிற்கிற வண்டி.

ஆகவே வேலை தொடங்கும் ஒழுங்கு: இந்த வாரம் படங்கைக் கழற்றி ஜாக் சோதனை, அதன் முடிவைப் பார்த்து டிங்கர் செலவுக்கு ஒரு மதிப்பீடு, எஞ்சினுக்கு அதற்குப் பிறகு. செலவு உங்களுக்கு இப்போது முடியாது என்றால் வண்டியைக் காயவைத்து, மெழுகு அடித்து, கட்டைகளின்மேல் ஏற்றி நிற்பாட்டுங்கள். அவசரத்தில் விற்றால் இப்போதைய நிலையில் தகட்டு விலைதான் சொல்வார்கள். பெரியப்பா போனில் கிடைக்கிற காலத்திலேயே பழைய பற்றுச்சீட்டுகளையும், ஹெட் வேலை பார்த்தது யார் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துடைத்துப் படம் எடுத்து பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், ஓடாமல் நின்ற வருடங்களின் வாகன வரிப் பாக்கி எப்படித் தீர்ப்பது என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஜாக்கில் தூக்கும்போது கதவு இடைவெளியை முன்னும் பின்னும் படம் எடுத்து இங்கே போட்டீர்களானால், பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.